டைல்ஸ் ஒட்டிய பாத்ரூம் சுவரில் கபோர்டு: ஸ்க்ரூ எதில் இறங்குகிறது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 12 வருடப் பழைய அடுக்குமாடி வீடு. பாத்ரூமில் வாஷ்பேசினுக்கு மேலே 2 அடிக்கு 2 அடி, 6 அங்குல ஆழத்தில், கண்ணாடிக் கதவு வைத்த பிளைவுட் கபோர்டு ஒன்றை மாட்ட வேண்டும். செய்து கொடுத்த ஆசாரி, "நாலு ரால் பிளக் போட்டா போதும் சார்" என்கிறார் (ஸ்க்ரூ பிடிப்பதற்காக ஓட்டையில் செருகும் பிளாஸ்டிக் குழாய்தான் ரால் பிளக்). ஓட்டை போட வந்த எலக்ட்ரீஷியன் முதல் ஓட்டையிலேயே டைலில் கீறல் விழுந்ததைப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல ஒடஞ்சா நான் பொறுப்பில்ல" என்று கிளம்பிவிட்டார். நானே போடலாமா, டைல்ஸ் உடையாமல் எப்படிப் போடுவது, கபோர்டு கீழே வராது என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்களே போடலாம். ஆனால் நீங்கள் பயப்படுவது டைல் உடைவதைப் பற்றி. உடைந்த டைல் பார்க்க அசிங்கம், அவ்வளவுதான். நான் பயப்படுவது வேறொன்றுக்கு. அதை ஒரு அவமானத்தின் வழியாகத்தான் கற்றுக்கொண்டேன்.

மர வேலை, உள் அலங்கார வேலை என்று 20 வருடத்துக்கு மேலாக இதே பிழைப்பு எனக்கு. தொழிலுக்கு வந்த புதிதில் திருச்சியில் அக்கா வீட்டு பாத்ரூமில் இதே மாதிரி ஒரு கபோர்டு மாட்டினேன். நாலு ஓட்டை, நாலு 8 மி.மீ. ரால் பிளக், நாலு ஸ்க்ரூ. டைலில் ஒரு கீறல் கிடையாது. அத்தான் பிடித்துத் தொங்கிக்கூடப் பார்த்தார், அசையவில்லை. ஆறு மாதம் கழித்து ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு அது அப்படியே வாஷ்பேசின் மேல் வந்து விழுந்தது. பேசினும் போச்சு, கண்ணாடியும் போச்சு, பாத்ரூம் முழுக்கத் தேங்காய் எண்ணெய். மறுநாள் போய்ப் பார்த்தால் ஸ்க்ரூவும் பிளக்கும் பத்திரமாக இருக்கின்றன. அவற்றோடு மேல் வரிசை டைல்களும், அதன் பின்னால் இருந்த சிமெண்ட் கலவையும் சேர்ந்து பெயர்ந்து வந்திருந்தன. அக்கா திட்டவில்லை. "ஏன்டா, நீ ஸ்க்ரூவ எதுலடா முடுக்குன?" என்று மட்டும் கேட்டாள்.

உங்கள் ஆசாரியிடமும் அதையே கேளுங்கள். நாலு பிளக் போதும், சரி. அந்த நாலும் எதில் இறங்குகின்றன?

நம் ஊர் பாத்ரூம் சுவரை வெட்டிப் பார்த்தால் இப்படி இருக்கும். முதலில் டைல், 7 முதல் 9 மி.மீ. அதன் பின்னால் கொத்தனார் அப்பிய கலவை. இப்போது டைல் பசை வந்துவிட்டது, அது 3 முதல் 6 மி.மீ. கனத்தோடு முடிந்துவிடும். 12 வருடத்துக்கு முன் கட்டிய வீடென்றால் பெரும்பாலும் சிமெண்ட் கலவைதான், 10 முதல் 15 மி.மீ. சுவர் கோணலாக இருந்த இடத்தில் அதற்கு மேலேயும் போகும். அதற்குப் பின்னால் அடிப்பூச்சு ஒரு 12 மி.மீ. கூட்டிப் பாருங்கள், செங்கல் தொடங்குவதற்கு முன்பே 30 முதல் 35 மி.மீ. போய்விடுகிறது. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 8 மி.மீ. ரால் பிளக்கின் நீளம் 40 மி.மீ.தான். ஆக, பிளக்கின் வால் நுனி மட்டும் செங்கல்லைத் தொடுகிறது, உடம்பு முழுக்க டைலிலும் கலவையிலும். எடையைச் சுவர் தாங்கவில்லை, ஒட்டிய டைல் தாங்குகிறது. அந்த டைலைத் தாங்குவது, கொத்தனார் அன்றைக்கு எந்த மனநிலையில் கலவை வைத்தாரோ அது.

அந்த மனநிலையைக் கண்டுபிடிக்க ஒரு ஐந்து ரூபாய் நாணயம் போதும். கபோர்டு வரப்போகும் இடத்தில் ஒவ்வொரு டைலையும் நாலு மூலையிலும் நடுவிலும் தட்டுங்கள். நன்றாக ஒட்டியிருந்தால் சத்தம் கெட்டியாக, சின்னதாக வரும். பின்னால் வெற்றிடம் இருந்தால் காலிப் பானையைத் தட்டிய மாதிரி இருக்கும். நடுவில் ஒரு உருண்டைக் கலவையை வைத்து அமுக்கி ஒட்டிய டைலில் நடு கெட்டியாகவும் மூலைகள் நான்கும் பொள்ளலாகவும் பேசும். அந்த மூலையில் ஓட்டை போட்டால் உடையாமல் என்ன செய்யும்? பொள்ளலான இடங்களில் எல்லாம் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். உங்கள் எலக்ட்ரீஷியன் கீறிய டைலையும் தட்டிப் பாருங்கள். அவர் மேல் மட்டும் தப்பாக இருக்காது என்று நினைக்கிறேன்.

அடுத்து எடை. எவ்வளவு தாங்க வேண்டும் என்று தெரியாமல்தான் பலரும் அளவுக்கு மீறிப் பயப்படுகிறார்கள், அல்லது பயப்படுவதே இல்லை. 18 மி.மீ. பிளைவுட் ஒரு சதுர அடி ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரும். உங்கள் கபோர்டில் பக்கங்கள், ஒரு தட்டு, கதவு எல்லாம் சேர்த்து 9 சதுர அடி, ஆகவே 10 கிலோ. முதுகுப் பலகை ஒன்றரைக் கிலோ. 4 மி.மீ. கண்ணாடி 4 சதுர அடி என்றால் அதுவே மூன்றரைக் கிலோவுக்கு மேல். கீல், மைக்கா, கைப்பிடி எல்லாம் சேர்த்து 17 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஷாம்பு, எண்ணெய், டெட்டால், வாங்கி வைத்து மறந்த சோப்பு எல்லாம் ஒரு 8 கிலோ. மொத்தம் 25.

25 கிலோவைச் செங்குத்தாகக் கீழ்நோக்கித் தாங்குவது செங்கல்லில் இறங்கிய நாலு ஸ்க்ரூவுக்கு ஒரு விஷயமே இல்லை. கவனிக்க வேண்டியது, மேல் ஸ்க்ரூக்களைச் சுவரிலிருந்து வெளியே இழுக்கும் விசை. கபோர்டின் எடை மையம் சுவரிலிருந்து 4 அங்குலம் தள்ளி இருக்கிறது, மேல் ஸ்க்ரூவிலிருந்து கீழ் விளிம்பு வரை 22 அங்குலம். கதவு மூடியிருக்கும்போது இழுவை 25 பெருக்கல் 4 வகுத்தல் 22, அதாவது நாலரைக் கிலோ. கனமான கண்ணாடிக் கதவை முழுக்கத் திறந்தால் இது கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். வீட்டில் ஏழு வயசுப் பிள்ளை இருந்து, திறந்த கதவைப் பிடித்துத் தொங்கினால் 30 கிலோவைத் தொடும். அதனால்தான் 6 அங்குல ஆழம் என்று நீங்கள் முடிவு செய்தது நல்ல முடிவு. அதையே 14 அங்குலம் ஆக்கினால் எடையும் கூடும், இழுவை இரண்டு மடங்குக்கு மேலே போகும். ஆழமான கபோர்டு கேட்பவர்களிடம் நான் முகம் கொடுத்தே பேசுவதில்லை, "தரையில வைங்க" என்று சொல்லிவிடுவேன்.

சுவர் என்ன சுவர் என்று தெரியாமல் பிளக் வாங்கக் கூடாது. 12 வருட வீடு என்றால் செங்கல்லாகவோ சாலிட் பிளாக்காகவோ இருக்க வாய்ப்பு அதிகம். புது வீடுகளில் ஏஏசி பிளாக் என்ற எடை குறைந்த சிமெண்ட் கல், இல்லையென்றால் அலுமினிய அச்சில் ஊற்றிய முழு கான்கிரீட் சுவர். ஓட்டையிலிருந்து வரும் தூளே சொல்லிவிடும். டிரில் பிட்டுக்குக் கீழே ஒரு பழைய கல்யாணப் பத்திரிகைக் கவரை மாஸ்கிங் டேப்பால் ஒட்டி வையுங்கள். தூள் தரையில் கொட்டாது, எந்த வரிசையில் விழுந்தது என்றும் பார்க்கலாம். முதலில் டைலின் வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு மாவு விழும். அப்புறம் சாம்பல் நிறச் சிமெண்ட் தூள். பிறகு செந்தூள் வர ஆரம்பித்தால் செங்கல்லைத் தொட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். அந்த நொடியில் மெஷினை நிறுத்தி பிட் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். உங்கள் வீட்டுச் சுவருக்கு அதுதான் சரியான கணக்கு, நான் மேலே சொன்ன 30, 35 எல்லாம் உத்தேசம்தான்.

செந்தூளுக்குப் பதில் வெண்சாம்பல் நிறத்தில் மெல்லிய மாவு வந்து, பிட் வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கினால் அது ஏஏசி பிளாக். செங்கல்லைப் போல மூன்றில் ஒரு பங்குதான் அதன் எடை, உள்ளே முழுக்கக் காற்றுக் குமிழி. சாதாரண பிளக் அதில் விரியும்போது கல்லே பொடியாகி, பிளக் சுற்ற ஆரம்பிக்கும். ஏஏசிக்கு என்றே புரிமாதிரி இறக்கை வைத்த பிளக் இருக்கிறது, அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். டிரில்லில் ஹேமரை, அதாவது இடித்துக்கொண்டே துளைக்கும் முறையை, தொடவே கூடாது. ஹாலோ பிளாக் என்றால் பிட் திடீரென்று வெற்றிடத்தில் போய் விழும். அதற்கு வலைக் குழாய் செருகி, பசை நிரப்பி ஸ்க்ரூவை இறுகவைக்கும் கெமிக்கல் ஆங்கர் போடுவார்கள், தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். கான்கிரீட் என்றால் பிளக் பிரமாதமாக நிற்கும், துளைப்பதுதான் பாடு. நடுவில் பிட் கீச்சென்று கத்தி நின்றுவிட்டால் கம்பியில் முட்டியிருக்கிறது. முட்டி மோதாமல் ஒரு அங்குலம் தள்ளிப் போடுங்கள்.

ஓட்டை போடுவதற்கு முன் குழாயும் வயரும். வாஷ்பேசின் குழாய்க்குத் தண்ணீர் கீழே உள்ள ஆங்கிள் காக்கிலிருந்துதான் வருகிறது, அதனால் பேசினுக்கு மேலே சுவரில் பெரும்பாலும் தண்ணீர்க் குழாய் இருக்காது. பெரும்பாலும் என்பதைக் கவனியுங்கள். கீசர் பக்கத்துச் சுவரில் இருந்தால் அதன் லைன் குறுக்கே போகலாம். சுவருக்கு மறுபக்கம் இன்னொரு பாத்ரூமோ சமையலறையோ இருந்தால் அங்கேயும் எட்டிப் பாருங்கள். அங்கே குழாய் எந்த இடத்தில் வெளியே வருகிறதோ அதற்கு நேர் மேலும் கீழும் ஒரு அரை அடி அகலத்துக்கு ஓட்டையே வேண்டாம். சுடுதண்ணீர் லைனைக் கண்டுபிடிக்க ஒரு வழி: கீசரைப் போட்டு அந்தக் குழாயைப் பத்து நிமிடம் திறந்துவிட்டு, புறங்கையால் டைலைத் தடவிப் பாருங்கள். குழாய் ஆழமாகப் போகாத இடத்தில் ஒரு கோடாக வெதுவெதுப்பு தெரியும். தெரியவில்லை என்பதற்காகக் குழாய் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உலோகம் கண்டுபிடிக்கும் கருவிகளை நம்பி சிபிவிசி குழாயைத் தேடாதீர்கள், பிளாஸ்டிக்கில் அவை ஏமாற்றும்.

வயர்தான் உங்கள் இடத்தில் உண்மையான ஆபத்து. பேசினுக்கு மேலே கண்ணாடி லைட்டுக்கு என்று பில்டர் ஒரு பாயின்ட் விட்டிருப்பார். அந்த வயர் மேலேயிருந்து நேராக இறங்கியிருக்கும், சில இடங்களில் பக்கத்து சுவிட்ச் பெட்டியிலிருந்து குறுக்கே வந்திருக்கும். இரண்டு பாதைகளையும் பென்சிலால் சுவரில் வரைந்து, தவிர்த்துவிடுங்கள். மேல்மாடி, கீழ்மாடி வீடுகளில் பேசிப் பார்ப்பதும் நல்லது. ஒரே வரிசையில் உள்ள பாத்ரூம்களில் குழாயும் வயரும் அநேகமாக ஒரே பாதையில்தான் போகும், கட்டும்போது யாராவது போட்டோ எடுத்திருப்பார்கள்.

துளைக்கும்போது அந்த பாத்ரூமின் எம்சிபியை (மின் பெட்டியில் உள்ள சுவிட்சை) இறக்கிவிடுங்கள், மொட்டை மாடியில் அந்த லைனின் வால்வையும் மூடிவிடுங்கள். பேட்டரி டிரில் இருந்தால் அதுவே உத்தமம். டைலுக்கும் செங்கல்லுக்கும் அது தாராளமாகப் போதும், தண்ணீர் தெளித்துத் துளைக்கும்போது கையில் 230 வோல்ட் மெஷின் பிடிக்க வேண்டிய வேலையும் இல்லை. வயர் மெஷின்தான் என்றால் மின்கசிவு வந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி உள்ள லைனில் செருகுங்கள், ஈரக் காலோடு நிற்காதீர்கள்.

இடத்தைக் குறிப்பதற்கு ஒரு காலி அட்டைப்பெட்டியை கபோர்டு அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டிப் பாருங்கள். சிரிக்காதீர்கள், நான் இன்றைக்கும் செய்கிறேன். வாஷ்பேசின் விளிம்பு தரையிலிருந்து 32, 33 அங்குலத்தில் இருக்கும். அதற்கு மேலே 14 முதல் 16 அங்குலம் விட்டு கபோர்டின் அடி வர வேண்டும். ஆனால் முகம் கழுவக் குனியும்போது நெற்றி இடிக்கிறதா என்பது அளவில் தெரியாது, ஆள் குனிந்து பார்த்தால்தான் தெரியும். வீட்டிலேயே உயரமானவரைக் குனியச் சொல்லுங்கள். குள்ளமானவரைக் கண்ணாடி பார்க்கச் சொல்லுங்கள். கதவு திறக்கும் பக்கத்தில் டவல் கம்பி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கபோர்டை எப்படித் தொங்கவிடுவது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. முதுகுப் பலகை வழியாக நாலு ஸ்க்ரூ முடுக்குவது எனக்குப் பிடிக்காது. 6 மி.மீ. முதுகுப் பலகை ஸ்க்ரூ தலையில் பிய்ந்துகொண்டு வரும், அதோடு ஒருவர் கபோர்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, இன்னொருவர் ஓட்டை தேட வேண்டும். அதற்குப் பதில் ஆசாரியிடம் 18 மி.மீ. பிளைவுட்டில் ஒன்றே முக்கால் அடி நீளம், 5 அங்குல அகலத்தில் ஒரு பட்டை எடுத்து, நீளவாக்கில் நடுவில் 45 டிகிரி சாய்வாக அறுக்கச் சொல்லுங்கள். இரண்டு பட்டைகள் கிடைக்கும். ஒன்றை, அறுத்த சாய்வு மேலே பார்த்தபடி, சரிவு சுவர்ப் பக்கம் இறங்கும்படி சுவரில் அடிக்க வேண்டும். மற்றதைத் தலைகீழாகக் கபோர்டின் முதுகில் மேல் பக்கம், மேல் பலகையோடு சேர்த்து முடுக்க வேண்டும். கபோர்டைத் தூக்கி மேலேயிருந்து இறக்கினால் ஒன்றுக்குள் ஒன்று கொக்கி போல மாட்டிக்கொள்ளும். எடை கூடக் கூட சுவரோடு இறுகும். கீழ் முதுகிலும் அதே 18 மி.மீ. கனத்தில் ஒரு பட்டை வைத்தால் கபோர்டு செங்குத்தாக நிற்கும். பின்னால் காற்றும் ஓடும். கழற்ற வேண்டுமா, தூக்கினால் வந்துவிடும். பட்டை ஒன்றே முக்கால் அடி நீளம் என்பதால் ஓட்டையைப் பொள்ளல் இல்லாத, வயர் இல்லாத இடமாகப் பார்த்து எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம். உங்கள் வீட்டுக்கு இதுதான் முக்கியம்.

பிளக் விஷயத்துக்கு வருவோம். ரால் பிளக் என்று நாம் சொல்வது ராலிங்ஸ் என்ற ஆங்கிலேயரின் பெயரால் வந்தது. 1911இல் காப்புரிமை வாங்கியபோது அது சணல் நாரால் ஆனது. இன்று நாம் போடும், விரியும் நைலான் பிளக்கை 1958இல் ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் கொண்டுவந்தார். அதற்கு முன் நம் ஊரில் சுவரைச் சதுரமாகக் கொத்தி, தேக்குக் கட்டையை வைத்து, சிமெண்ட் பூசி, மறுநாள் வந்து ஆணி அடிப்பார்கள். மெதுவான வேலைதான், ஆனால் அந்தக் கட்டை செங்கல்லுக்குள் இருந்தது. பாத்ரூமுக்கு நீங்கள் கடையில் கேட்க வேண்டியது, யுபிவிசி ஜன்னல் மாட்டுகிறவர்கள் போடும் நீள பிளக், 10 மி.மீ. கனம், 100 மி.மீ. நீளம், அதோடு வரும் ஸ்க்ரூவும் சேர்த்து. இதன் முன்பாதி வெறும் குழாய், விரியாது. பின்பாதி மட்டும்தான் விரியும். 18 மி.மீ. பட்டை, 35 மி.மீ. டைலும் கலவையும் போக, ஏறக்குறைய 47 மி.மீ. செங்கல்லுக்குள் போய் அங்கே விரிகிறது. டைலை அது நெருக்குவதே இல்லை. சாதாரண பிளக் டைலின் கனத்துக்குள்ளேயே விரிவதுதான், துளைக்கும்போது தப்பித்த டைல் ஸ்க்ரூவை முடுக்கும்போது பிளப்பதற்குக் காரணம். பட்டைக்கு மூன்று போதும், நான் நாலு போடுவேன்.

துளைக்கும் முறை. டைல்களுக்கு இடையில் உள்ள ஜாயின்டில் துளைத்தால் டைல் தப்பிக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. நம் ஊரில் ஜாயின்ட் 2, 3 மி.மீ. அகலம்தான், பழைய வீடுகளில் அதுகூடக் கிடையாது. 10 மி.மீ. பிட் இரண்டு பக்க டைல் விளிம்பையும் கடித்து, ஒன்றுக்கு இரண்டாகப் பெயர்த்துவிடும். விளிம்பிலிருந்து குறைந்தது ஒரு அங்குலம் உள்ளே தள்ளித் துளையுங்கள்.

ரசமட்டம் வைத்துப் பட்டைக்குக் கோடு போட்டு, ஓட்டை வரும் இடங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேல் குறியுங்கள். பளபளப்பான மேற்பூச்சில் பிட் வழுக்கி ஓடுவதுதான் முதல் தொல்லை. ஆணியை வைத்துச் சுத்தியலால் தட்டி அடையாளம் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், டைலும் அவர்களைப் பார்த்துச் சிரிக்கும். ஈட்டி முனை வைத்த டைல் பிட்டைக் கையில் பிடித்து, அந்தப் புள்ளியில் பத்துச் சுற்று திருகுங்கள். பூச்சு லேசாகக் கீறி ஒரு குழி விழும். அப்புறம் மெஷினில் பிட்டை மாட்டுங்கள், ஹேமர் அணைந்திருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள், குறைந்த வேகத்தில் தொடங்குங்கள். முதலில் 6 மி.மீ., பிறகு டைலை மட்டும் 12 மி.மீ. அகலத்துக்கு. பிளக்கை விட டைல் ஓட்டை ஒரு நூலுக்கும் குறைவாகப் பெரிதாக இருந்தால் பிளக் டைலைத் தொடாது, அதுதான் நமக்கு வேண்டும். ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் வைத்துக்கொண்டு அவ்வப்போது பீச்சுங்கள், பிட் சூடேறினால் முனை மழுங்கிவிடும். அழுத்தாதீர்கள். டைலைத் தாண்டும்போது சத்தம் மாறும், அதுவரை கிறீச்சென்று இருந்தது கரகரவென்று ஆகும். அப்போது கையை இன்னும் லேசாக்குங்கள், பின்பக்கம் பெயர்வது அந்த இடத்தில்தான்.

சுவருக்கு ஒட்டும் சாதாரண செராமிக் டைல் மென்மையானது, தன் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கும் உடம்பு. அதற்கு ஈட்டி முனை பிட் போதும். அரை சதவீதம்கூடத் தண்ணீர் குடிக்காத வெட்ரிஃபைட் டைலைச் சுவரில் ஒட்டியிருந்தால் அந்த பிட் மூன்று நிமிடம் சுற்றியும் தூள் வராது. வைர முனை வைத்த குழாய் பிட் வாங்கிக்கொள்ளுங்கள், கொஞ்சம் சாய்த்து ஆரம்பித்து, பிறைக் கோடு விழுந்ததும் நேராக்கி, தண்ணீர் விடாமல் ஒரு விநாடிகூட ஓட்டாமல் துளையுங்கள்.

டைலைத் தாண்டியதும் 10 மி.மீ. கான்கிரீட் பிட்டுக்கு மாறுங்கள். டைல் முகத்திலிருந்து 95 மி.மீ. ஆழம் வேண்டும், பிட்டில் அந்த இடத்தில் ஒரு டேப் சுற்றிக்கொள்ளுங்கள். நாலரை அங்குலச் சுவராக இருந்தாலும் மறுபக்கம் வராது. செங்கல்லுக்கு ஹேமர் வேண்டாம். கான்கிரீட்டுக்கு மட்டும், டைலைத் தாண்டிய பிறகு. ஓட்டை முடிந்ததும் சைக்கிள் பம்பை வைத்துத் தூளை ஊதி எடுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு. தூள் நிறைந்த ஓட்டையில் பிளக் பிடிக்காமல் சுற்றும். இப்போது மாடி வால்வைத் திறந்துவிட்டு, டிஷ்யூ காகிதத்தை முறுக்கி ஒவ்வொரு ஓட்டையிலும் பத்து நிமிடம் செருகி வைத்துப் பாருங்கள். துளைத்த ஈரம் போக புது ஈரம் ஊறவில்லை என்றால் குழாய் தப்பித்தது. கபோர்டு மாட்டிய ஒரு மாதம் கழித்துப் பக்கத்து அறைச் சுவர் பூத்துப்போவதைவிட இந்தப் பத்து நிமிடம் மேல்.

அதே 10 மி.மீ. ஓட்டையைப் பட்டையிலும் போட்டு, பட்டையின் வெட்டு விளிம்பு, ஓட்டையின் உள்பக்கம் எல்லாவற்றிலும் ஃபெவிகாலைத் தடவாதீர்கள், பெயின்ட் அல்லது எபாக்ஸி தடவிக் காயவிடுங்கள். டைல் ஓட்டையின் வாயைச் சுற்றி சிலிக்கான் ஒரு வளையம் வைத்து, பட்டையைப் பொருத்தி, பிளக்கை அதன் வழியாகச் செருகி, ஸ்க்ரூவை முடுக்குங்கள். கடைசி நாலைந்து சுற்று கையால். மெஷினுக்கு நிறுத்தத் தெரியாது. பிறகு பட்டையைப் பிடித்து உங்கள் எடையில் பாதியைப் போட்டு இழுங்கள். அசைந்தால் கபோர்டை மாட்டாதீர்கள், அந்த ஓட்டையை விட்டுவிட்டு வேறிடம் பாருங்கள்.

ஸ்க்ரூ 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும், குறிப்பாக சென்னை உப்புத் தண்ணீருக்கு. கடைக்காரர் காந்தம் வைத்துக் காட்டி, "ஒட்டல பாருங்க, 304" என்பார். 202 கிரேடும் காந்தத்தில் ஒட்டாது, இரண்டு வருடத்தில் துருப்பிடிக்கும். பெட்டியில் அச்சடித்திருப்பதைப் பாருங்கள். கபோர்டு பிளைவுட்டில் ஐஎஸ் 710 முத்திரை (தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட்டின் தரக்குறி) இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், பொதுப் பயன்பாட்டுக்கான 303 என்றால் பாத்ரூமில் கொஞ்சம் பலவீனம். பார்ட்டிகிள் போர்டு என்றால் ஒரு மழைக்காலம் போதும், ஊறிய ரொட்டி ஆகிவிடும். அப்படிச் செய்து தந்திருந்தால் மாட்டும் வேலையையே விட்டுவிட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

கபோர்டைத் தொங்கவிட்ட பிறகு மேல் விளிம்பிலும் இரண்டு பக்கங்களிலும் சுவரோடு சேரும் இடத்தில் பூஞ்சை பிடிக்காத சிலிக்கானை ஒரு கோடு இழுங்கள். 18 மி.மீ. இடைவெளி சிலிக்கானால் மூட முடியாத அளவு, அதனால் பிவிசி பீடிங் என்ற மெல்லிய பட்டை ஒன்றை வைத்து அதன் விளிம்பில் போடுங்கள். கீழ்ப் பக்கத்தை மூடவே கூடாது. எப்படியும் ஈரம் உள்ளே போகும், அது வெளியே வர ஒரு வழி வேண்டும். புளிச்ச வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் கண்ணாடிக்குப் பக்கத்தில் வேண்டாம், கண்ணாடியின் பின்பூச்சை அரித்துக் கருப்புப் புள்ளி விழ வைக்கும். நியூட்ரல் என்று கேட்டு வாங்குங்கள். 24 மணி நேரம் ஷவரைத் திறக்காதீர்கள்.

ஓட்டையே போடாமல் இருபக்க டேப்பிலோ பசையிலோ ஒட்டலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்வார்கள். வாடகை வீட்டில் சோப்புத் தட்டுக்கு, இரண்டு கிலோ பிளாஸ்டிக் பெட்டிக்கு அது சரி. 25 கிலோவுக்கு வேண்டாம். நல்ல பசை டைலை விடாது என்பது உண்மைதான், டைல் சுவரை விடாது என்று யார் சொன்னது?

கடைசியாக, ஏற்கெனவே கீறிய அந்த டைல். அதை மாற்ற வேண்டுமென்றால் பக்கத்து டைல்கள் நாலும் ஆட்டம் காணும், அதே வண்ணத்தில் 12 வருடம் கழித்துக் கிடைக்கவும் கிடைக்காது. தொடாதீர்கள். கீறலில் எபாக்ஸியை பிளேடால் தேய்த்து நிரப்பி, பாதியில் விட்ட ஓட்டையைச் சிலிக்கானால் அடைத்துவிடுங்கள். அட்டைப்பெட்டியை ஒட்டிப் பார்க்கும்போது அதை இரண்டு அங்குலம் இப்படி அப்படி நகர்த்தினால் கீறல் கபோர்டுக்குப் பின்னால் போய்விடுமா என்று பாருங்கள். எலக்ட்ரீஷியன் நீங்கள் குறித்துக் கொடுத்த இடத்தில்தான் துளைத்திருப்பார் என்பதால், நகர்த்தாமலே மறைந்துவிடும் என்று நினைக்கிறேன்.